கை நடுக்கமும் மதுபானமும்

(சொற்பொழிவு)



ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் நெடுங்காலமாக ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலமென்றும், ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் பூமியென்றும் பெயர் பெற்றிருந்தது. 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி துவங்கியபின் இவ்வட்டாரத்தின் தோற்றமே மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழும்பின. காரும் லாரியும், மோட்டார் சைக்கிளும் டயரும், கையடக்கமான டெலிபோனும் இங்கே உற்பத்தியாகின்றன. நாற்று நட்ட குடும்பத்தின் பிள்ளைகள் இன்று கடுகளவு திருகாணியை முடுக்குகிறார்கள். தகட்டோடு தகட்டைப் பற்றவைக்கிறார்கள். நிலத்தை விற்றுவிட்ட குடும்பங்களுக்கு இப்பொழுது மிஞ்சியிருக்கும் ஆஸ்தி இரண்டு கைகளே. ஆதலால் அக்கைகள் நடுங்குவது அற்ப விஷயமன்று.

கூட்டுறவுக் கடன் சங்கத்தின் மேஜை முன்னிலையில் எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தை உதாரணமாகக் கொள்ளலாம். நகைக் கடனுக்காக இரண்டு அங்கத்தினர்கள் வந்து நிற்கிறார்கள். முதல்வர் ஐம்பது வயதுள்ள குடியானவர். பேனாவைக் கையில் எடுத்ததும் விரல்கள் ஆடுகின்றன. கையெழுத்து, சங்கத்திலுள்ள மாதிரியோடு ஒத்துவரவில்லை. பின்னால் நிற்பவர்கள், "ராத்திரி போட்டது இன்னும் இறங்கவில்லை போலும்" என்று தங்களுக்குள் சிரிக்கிறார்கள். இரண்டாமவர் தொழிற்சாலையில் காண்டிராக்ட் வேலை செய்யும் வாலிபர். அவர் சிறிதும் பிசகாமல் அழகாகக் கையெழுத்திடுகிறார். "கை சுத்தமான பிள்ளை" என்று பெயர் வாங்கிப் போகிறார். உண்மை யாதெனில், முதல்வர் தம் ஆயுளில் மதுவைத் தொட்டவரல்லர். இரண்டாமவரோ, காலையில் நடுங்கிய கையை அடக்கிக்கொள்வதற்காகப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் குடித்துவிட்டு வந்தவர்.

மது நடுக்கத்தை அடக்கவும் செய்கிறது, உண்டாக்கவும் செய்கிறது. இந்த இரட்டைக் குணத்தை ஜனங்கள் சரிவர அறியாமையால் மூன்றுவிதமான தீமைகள் விளைகின்றன. குடியாதவர் குடிகாரரென்று அவதூறுக்கு ஆளாகிறார். நடுக்கமுள்ளவர் மதுவையே மருந்தென்று நம்பி அதில் அமிழ்ந்து போகிறார். நெடுங்காலம் குடித்தவரை வீட்டார் வைத்தியரைக் கேளாமல் ஒரே நாளில் நிறுத்தும்படி கட்டாயப்படுத்தி, அவருடைய உயிருக்கே அபாயம் தேடிவிடுகிறார்கள். இம்மூன்றையும் தவிர்க்கும் வழியைச் சொல்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

நடுக்கம் எல்லோருக்கும் உண்டு

முற்றிலும் நடுங்காத கை உலகத்தில் கிடையாது. தேகாரோக்கியமுள்ள எவருடைய கையும், நீட்டிய நிலையில், ஒரு விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை மிக நுட்பமாக அசைந்துகொண்டே இருக்கிறது. அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படுமளவுக்கு வளரும்போதுதான் நடுக்கமென்று பெயர் பெறுகிறது. பயம், கோபம், பசி, நித்திரைக் குறைவு, ஜுரம், அடுத்தடுத்துக் குடிக்கும் காப்பி, தேநீர் ஆகியவற்றால் இச்சுபாவ நடுக்கம் அதிகரிக்கும். இரவு ஷிப்டு முடித்து வெறும் வயிற்றில் மூன்று டம்ளர் தேநீர் அருந்திய வாலிபரின் கை சற்று ஆடுவது இவ்வகையைச் சேர்ந்தது.

கழுத்திலுள்ள தைராய்டு கோளம் அளவுக்கு மிஞ்சி வேலை செய்தாலும் கை நடுங்கும். உடம்பு இளைப்பதும், மார்பு படபடப்பதும், வியர்வை பெருகுவதும் அதற்குத் துணை அடையாளங்கள். ஆஸ்துமாவுக்காக உள்ளிழுக்கும் ஸால்புடமால் மருந்தும், வலிப்புக்காகவும் மனநோய்க்காகவும் கொடுக்கப்படும் சில மருந்துகளும் நடுக்கம் தரக்கூடும். நீரிழிவுக்காரர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்தாலும் கை நடுங்கி வேர்க்கும். காற்றோட்டமில்லாத இடத்தில் வருஷக்கணக்காகப் பற்றவைப்பு வேலை செய்பவர்கள் மாங்கனீசு கலந்த புகையை அதிகமாகச் சுவாசித்தால், அவ்வுலோகம் மூளையைத் தாக்கி நடையையும் கையையும் கெடுக்கும். ஆகையால் நடுங்கும் கையைக் கண்டவுடனே மதுவை நினைப்பது நியாயமன்று.

இரண்டு வியாதிகளும் இரண்டு கையெழுத்துகளும்

கிராமாந்தரங்களில் எல்லா நடுக்கத்தையும் நடுக்குவாதம் என்று ஒரே பெயரால் சொல்லுவது வழக்கம். இக்கால வைத்தியர்கள் அதற்குள் முக்கியமாக இரண்டு வியாதிகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

ஒன்று, வேறு காரணம் எதுவும் புலப்படாமல் தானாகவே தோன்றும் நடுக்கம். இது பெரும்பாலும் குடும்பவழியாக வருவது; தகப்பனாருக்கோ தாயாருக்கோ இருந்திருக்கும். கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது தெரியாது. டம்ளரைத் தூக்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும், எழுதும்போதும் வெளிப்படும். சிலருக்குத் தலையும் குரலும் நடுங்குவதுண்டு. வாலிபத்திலும் தோன்றலாம், வயது ஏற ஏற அதிகப்படும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உயிருக்கு அபாயமில்லையாயினும், பிழைப்புக்கும் மானத்துக்கும் இடைஞ்சல் செய்வது.

மற்றொன்று, லண்டன் நகரத்து வைத்தியராகிய ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-ஆம் வருஷத்தில் விவரித்து, அவர் பெயராலேயே வழங்கிவரும் வியாதி. இதில் கை சும்மா இருக்கும்போதே நடுங்கும். விரல்களுக்கிடையே மாத்திரையை உருட்டுவதுபோன்ற அசைவு காணும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும். நடை தளரும், முகத்தில் உணர்ச்சி குன்றும், அவயவங்கள் விறைக்கும். மூளையில் டோபமைன் என்னும் பொருள் குறைந்துபோவதே இதன் காரணம். மதுவினால் இந்நடுக்கத்துக்கு நம்பத்தக்க பிரயோஜனம் எதுவுமில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிய வைத்தியர்கள் நோயாளியை எழுதிக் காட்டச் சொல்வதுண்டு. குடும்பவழி நடுக்கமுள்ளவரின் எழுத்து பெரிதாகவும், ஓரமெல்லாம் ரம்பப் பல் போலவும் இருக்கும். பார்க்கின்ஸன் வியாதியஸ்தரின் எழுத்து போகப்போகக் குறுகிச் சிறுத்துவிடும். கூட்டுறவுச் சங்கங்களிலோ ஒவ்வொரு அங்கத்தினரின் கையெழுத்தும் பல வருஷத்துக் கடன் பத்திரங்களில் வரிசையாகக் கிடைக்கிறது. ஒருவருடைய கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் சிறுத்துவருவதையோ, கோடு பிசிறிவருவதையோ காணும் காரியதரிசி, அதை மோசடியென்று சந்தேகிப்பதற்கு முன், "ஒருமுறை வைத்தியரிடம் காட்டிக்கொள்ளுங்கள்" என்று தனியே அழைத்துச் சொன்னால், அது அந்த அங்கத்தினருக்குப் பெரிய உபகாரமாகும்.

மது நடுக்கத்தை அடக்குவது எவ்வாறு

குடும்பவழி நடுக்கமுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறிதளவு மது உட்கொண்டவுடன் நடுக்கம் தணிகிறது. சுமார் கால் மணி நேரத்தில் தணியத் துவங்கி, மூன்று நான்கு மணி நேரம் வரை அந்நிலை நீடிக்கும். இது வெறும் மனப்பிரமையன்று. வைத்தியர்கள் அளந்தறிந்த விஷயம்.

மூளையில் நரம்புகளை ஏவிவிடும் பொருள்களும் உண்டு. அடக்கி வைக்கும் பொருள்களும் உண்டு. ஏவும் பொருளில் முக்கியமானது குளூட்டமேட். அடக்கும் பொருளில் முக்கியமானது காபா. உடம்பின் அசைவுகளை ஒழுங்குபடுத்துவது பின்தலையிலுள்ள சிறுமூளை. அதனைச் சார்ந்த நரம்பு வட்டத்தில் ஒழுங்கற்ற துடிப்பு உண்டாகும்போது கை நடுங்குகிறதென்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். மது காபாவின் பலத்தைக் கூட்டுவதால் அத்துடிப்பு சற்று நேரம் ஓய்கிறது.

ஆனால் மதுவின் வேகம் இறங்கியதும் நடுக்கம் திரும்பி வருகிறது. சிலருக்கு மறுநாள் காலையில் முன்னிலும் அதிகமாகவே வருகிறது. கலியாணப் பந்தியில் நாலுபேர் முன்னிலையில் தண்ணீர் டம்ளரைத் தூக்குவதற்கு வெட்கப்பட்டு ஒரு நாள் குடித்தவர், மறுநாள் வேலைக்குப் போவதற்காகக் குடிக்கிறார். பிறகு கையெழுத்திடுவதற்காகக் குடிக்கிறார். முன்பு ஒரு பங்கு கொடுத்த பலனை அடைய நாளடைவில் இரண்டு பங்கு வேண்டியதாகிறது. கடன் தீர்க்கக் கடன் வாங்குபவனுடைய கதி எப்படியோ, அப்படியே இதுவும். வட்டி மாத்திரம் ஏறிக்கொண்டு போகும், அசல் குறைவதில்லை.

மதுவினாலேயே உண்டாகும் நடுக்கம்

நெடுங்காலம் அதிகமாகக் குடிப்பவருக்குக் காலையில் வரும் நடுக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. தராசின் ஒரு தட்டை ஒருவன் எந்நேரமும் கையால் அழுத்திக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்வோம். முள் நேராக நிற்கவேண்டி, மறு தட்டில் மேலும் மேலும் படிக்கல் போடவேண்டியிருக்கும். மது அடக்கும் பக்கத்தை அழுத்துகிறது. மூளை அதற்கு ஈடாக, அடக்கும் சக்தியைக் குறைத்தும் ஏவும் சக்தியைக் கூட்டியும் சமன் செய்துகொள்கிறது. அழுத்திய கையை எடுத்தவுடன் படிக்கல் போட்ட தட்டு தடாலென்று கீழே போய்விடும். அதுபோல மது இறங்கியதும் ஏவும் சக்தி மட்டும் ஓங்கி நின்று, கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை ஆகியவை உண்டாகின்றன.

இதன் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம். குவார்ட்டர் என்று வழங்கும் புட்டி 180 மில்லி கொள்ளும். பிராந்தி, விஸ்கி, ரம் முதலியவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயசத்து இருக்கிறது. ஆகவே ஒரு புட்டியில் சுமார் 77 மில்லி, அதாவது நிறையில் 61 கிராம், சுத்தமான சாராயசத்து அடங்கியிருக்கிறது. மனிதனுடைய ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் எரித்துத் தீர்க்கும். மோர் குடித்தாலும், குளித்தாலும், எலுமிச்சம்பழம் தின்றாலும் அவ்வேகம் கூடுவதில்லை. இரவு ஒன்பது மணிக்குக் குடித்தவருக்கு அது முழுவதும் தீரும் நேரம் விடியற்காலை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையிலாகும். கம்பெனி பஸ் வந்து நிற்கும் நேரமும், கை நடுங்கத் துவங்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுவது இதனால்தான்.

அந்நேரத்தில் கைக்கு நிதானம் தேடிக் குடித்துவிட்டுப் புறப்படுபவர், கை நிற்பதைக் கண்டு புத்தியும் நிதானமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். அது தவறு. நடுக்கத்தை அடக்கும் அதே மது, கண் பார்ப்பதற்கும் கை செய்வதற்கும் இடையிலுள்ள காலத்தை நீட்டிவிடுகிறது. அழுத்தும் இயந்திரத்தின் முன் விரல் இழப்பதற்கு அரை விநாடித் தாமதம் போதும். வாகனம் ஓட்டுபவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருத்தல் கூடாதென்று மோட்டார் வாகனச் சட்டம் விதித்திருப்பதும் இதன்பொருட்டே. ஒரகடம் சாலையில் இரவும் பகலும் ஓடும் லாரிகளையும், அவற்றினூடே சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகளையும் நினைத்தால் அவ்விதியின் அவசியம் விளங்கும்.

திடீரென்று நிறுத்துவதில் உள்ள அபாயம்

குடியை விடுவது நல்லதென்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகிய தேகம் திடீர் நிறுத்தத்தைத் தாங்குவதில்லை. கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நடுக்கம் துவங்கும். அதிலிருந்து இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் இடையில் ஒரு சிலருக்குப் புத்தி கலங்கி, இல்லாத பூச்சிகளையும் மனிதர்களையும் காண்பதும், ஜுரமும், உடம்பெல்லாம் உதறலும் ஏற்படும். நடுக்க ஜன்னி என்று சொல்லத்தக்க இந்நிலைக்குத் தாமஸ் ஸட்டன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1813-ஆம் வருஷத்திலேயே பெயரிட்டு எழுதினார். முற்காலத்தில் இதனால் பலர் மாண்டனர். தக்க சிகிச்சை கிடைத்தால் இப்பொழுது பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள்.

இது ஆகாரக் குறைவால் வருவதென்று வெகுகாலம் பலர் நினைத்திருந்தனர். 1955-ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி அதைத் தெளிவாக்கியது. அமெரிக்க தேசத்தில் லெக்ஸிங்டன் நகரில் சிலருக்கு நல்ல ஆகாரமும் வைட்டமினும் குறைவின்றிக் கொடுத்து, பல வாரங்கள் தொடர்ந்து மதுவும் கொடுத்து, பிறகு ஒரே நாளில் நிறுத்தினார்கள். அப்பொழுதும் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும் ஜன்னியும் உண்டாயின. மது நின்றதே காரணமென்பது அதனால் ஸ்திரப்பட்டது.

தமிழ்நாட்டு ஜனங்கள் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டது 2020-ஆம் வருஷத்தில். கொரோனா தொற்றுக்காக மார்ச்சு மாதம் 24-ந் தேதி மாலை மதுக்கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. மே மாதம் 7-ந் தேதி சென்னை நகரம் நீங்கலாகப் பல இடங்களில் திறக்கப்பட்டு, கோர்ட்டு உத்தரவால் உடனே மூடப்பட்டு, அம்மாதம் 16-ந் தேதி மறுபடி திறக்கப்பட்டன. இடையிலிருந்த ஆறு வாரங்களில் அநேகர் யாதொரு தீங்குமின்றிக் குடியை விட்டதும் உண்மை. அளவுகடந்து பழகியவர்கள் வலிப்போடும் ஜன்னியோடும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்பட்டதும் உண்மை. பெங்களூரிலும் இத்தகைய நோயாளிகள் அதிகரித்ததாக அந்நகர வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். கேரளத்தில், வைத்தியர் சீட்டின்பேரில் மது வழங்கலாமென்று சர்க்கார் பிறப்பித்த உத்தரவை, வைத்தியர்களே ஆட்சேபித்ததன்பேரில் ஹைகோர்ட்டு ஏப்ரல் 2-ந் தேதி நிறுத்திவைத்தது. மதுவை நிறுத்தியதால் வரும் வியாதிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கையில், மதுவையே சீட்டில் எழுதிக்கொடுப்பது வைத்தியமாகாதென்பது அவர்கள் வாதம்.

அதே ஏப்ரல் மாதத்தில் செங்கற்பட்டில் மூன்று பேர், மது கிடைக்காத தவிப்பில் வார்னிஷ் கலந்த திரவத்தைக் குடித்து மாண்டனர். நடுங்கும் கை எதைப் பற்றவும் துணிந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

நிலைத்துப்போகும் கேடுகள்

வருஷக்கணக்கான குடியால் சிறுமூளையே தேய்ந்துபோவதுண்டு. அப்பொழுது நடை அகன்று தள்ளாடும். நின்றால் கால்கள் ஆடும். ஒரு பொருளை எடுக்கப் போகும் கை, பொருளை நெருங்க நெருங்க அதிகமாக ஆடும். குடிக்காத நாளிலும் குடித்தவர்போலவே நடப்பார். ஆகாரத்தில் கவனமின்மையால் தயாமின் என்னும் வைட்டமின் குறைந்து, கண் அசைவும் நடையும் ஞாபகசக்தியும் கெடுவது மற்றொன்று. ஈரல் கெட்டவர்களுக்கு, நீட்டிய கைகள் பறவை சிறகடிப்பதுபோலத் தளர்ந்து தளர்ந்து விழும்; அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அடையாளம்.

கள்ளச் சாராயத்தில் கலக்கப்படும் மெத்தனாலோ இவையனைத்திலும் கொடியது. 2023-ஆம் வருஷம் மே மாதத்தில் செங்கற்பட்டு ஜில்லா சித்தாமூர்ப் பகுதியிலும் விழுப்புரம் ஜில்லா மரக்காணம் பகுதியிலும் இருபதுக்கு மேற்பட்டவரும், 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவரும் அதனால் மாண்டனர். மெத்தனால் கண் நரம்பை எரித்துக் குருடாக்குவது பலரும் அறிந்ததே. உயிர் தப்பியவர்களில் சிலருக்கு, அசைவை ஆளும் மூளைப் பகுதியும் வெந்து, பார்க்கின்ஸன் வியாதியைப்போன்ற விறைப்பும் நடுக்கமும் நிலைத்துவிடுவதுண்டு என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம்.

கடையை மூடுவது பாதி வேலை

1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது. 1948-ஆம் வருஷத்தில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் அது ராஜதானி முழுவதற்கும் பரவியது. 1971-ஆம் வருஷத்தில் தளர்த்தப்பட்டு, பின் மீண்டும் அமுலாகி, மறுபடி விலக்கப்பட்டு, 2003-ஆம் வருஷத்தில் சில்லறை விற்பனையும் சர்க்கார் கழகத்தின் வசமாயிற்று. கடைகள் மூடப்படுவதும் திறக்கப்படுவதும் இவ்விதம் மாறிமாறி வந்திருக்கின்றன. மதுவிலக்கு நடந்த காலத்தில், பழக்கம் விட்டவனுக்கு வேறு நல்ல பழக்கமும், கள் இறக்கியவனுக்கு வேறு பிழைப்பும் வேண்டுமென்று உணர்ந்து, பதநீர் வெல்லம் காய்ச்சும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. 1904-ஆம் வருஷத்திலேயே, அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கத்தைத் துவக்கிய சீமை இது. ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் கூட்டுறவு முறை, பணத்துக்கு மாத்திரமல்ல, தேகத்துக்கும் உதவவேண்டும்.

செய்யவேண்டுவன

முதலாவது, கை நடுங்குபவர் எவராயினும் ஒருமுறை வைத்தியரைக் காணவேண்டும். தொழிலாளர் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும், மற்றையோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ போகலாம். எந்நேரத்தில் நடுங்குகிறது, பெற்றோருக்கு உண்டா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எவ்வளவு குடிக்கிறார் என்ற நான்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். குடும்பவழி நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால், ப்ரிமிடோன் என்னும் மருந்துகள் உண்டு. ஆஸ்துமாக்காரருக்கு முந்தியது ஆகாதாகையால் தானே வாங்கிச் சாப்பிடுதல் கூடாது. பார்க்கின்ஸன் வியாதிக்கு லெவோடோபா உண்டு. பூனைக்காலி விதையில் அதே பொருள் இருப்பதைக் கேள்விப்பட்டு, அளவறியாமல் அரைத்துச் சாப்பிடுவதும் தவறு.

இரண்டாவது, நாள்தோறும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தும்படி வீட்டார் அறையில் பூட்டிவைத்தல் கூடாது. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்திருந்தால், வைத்தியர் மேற்பார்வையின்றி நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரியில் தயாமினும், நரம்பை அமர்த்தும் மாத்திரைகளும் கொடுத்து, நாளுக்கு நாள் மாத்திரையைக் குறைத்து, சுமார் ஒரு வாரத்தில் அபாயக் கட்டத்தைக் கடத்திவிடுவார்கள். வலிப்பு, ஜுரம், பிதற்றல் கண்டால் தாமதியாமல் 108-க்குச் சொல்லவேண்டும். யோசனை கேட்பதற்கு 104 என்னும் எண்ணும், போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்னும் எண்ணும் இருக்கின்றன. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. அபாயக் கட்டம் கடந்தபின்னும் பல மாதம் பேச்சுத் துணையும் கண்காணிப்பும் தேவை. மாத்திரையோடு காரியம் முடிந்துவிடுவதில்லை.

மூன்றாவது, சங்கத்தாருக்கும் மேஸ்திரிகளுக்கும் உரியது. நடுங்கும் கையெழுத்துக்காக எவரையும் நாலுபேர் முன்னிலையில் கேள்வி கேட்டல் தகாது. பெருவிரல் ரேகை வாங்கிக்கொள்ளலாம். புதிதாக மாதிரிக் கையெழுத்து பதிவு செய்துகொள்ளலாம். தொழிற்சாலையிலும், முழங்கையை ஊன்றிக்கொள்ள இடமிருந்தால் நடுக்கம் குறையக்கூடும். நுட்ப வேலை செய்ய இயலாதவருக்கு வேறு வேலை மாற்றிக் கொடுக்கலாம். வீட்டில் டம்ளரைப் பாதியளவு நிரப்பி, சற்றுக் கனமான பாத்திரத்தில் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பது எளிது. பார்க்கின்ஸன் வியாதி 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பதையும் அறிந்துகொள்வது நலம்.

நான்காவது, பணத்தின் கணக்கு. குடிக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் செலவென்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 73,000 ரூபாயாகிறது. ஊதிய நாளன்றே ஒரு பகுதியைச் சிக்கன சங்கத்தில் மனைவியின் பெயரில் கட்டிவரும் குடும்பத்தில், அப்பணம் இரண்டு மூன்று வருஷத்தில் அடகில் இருக்கும் நகையை மீட்டுவிடும். குடியை விட்ட அங்கத்தினருக்கு மறுபடியும் கடன் கொடுப்பதற்குச் சங்கங்கள் தயங்குதல் கூடாது. அவர் மீது வைக்கும் நம்பிக்கையும் சிகிச்சையில் ஒரு பாகமே.

சங்க மேஜை முன் நின்ற இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றே. அது பரிகாசமன்று, வைத்தியம். குடியானவர் தக்க மருந்தினால் மறுபடி நேராக எழுதக்கூடும். எழுத இயலாவிடினும் மானத்தோடு ரேகை வைக்கக்கூடும். வாலிபரோ, மதுவின் தயவால் நேராக எழுதிய கையெழுத்தை, ஒருவாரச் சிகிச்சையும் பல மாதத் துணையும் பெற்றபின், தம் சொந்தக் கையாலேயே எழுதக்கூடும். கிராமத்தில் ஒரு கை நடுங்குவதைக் காணும் ஒவ்வொருவரும், முடிவு கட்டுவதை விட்டு, "எப்பொழுதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று அன்போடு ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் ஏற்படுமாயின், இக்கூட்டம் கூடியதன் பயன் கைகூடியதாகும்.